மைனாவோடு ஒரு வாய்த் தவிடு

நான் தவிடு தின்றிருக்கிறேன். பஞ்சத்தில் அல்ல. முழு நினைவோடு, வெள்ளை வேட்டி சட்டையில், மாமனார் மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குதிரையோடு ஒரே வாளியில் தலையோடு தலை இடித்துத் தின்றிருக்கிறேன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் ஒட்டன்சத்திரம் சந்தையில் யாராவது சொல்வார்கள். அவர்கள் சொல்லும்போது அந்த வாளியின் அளவு வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம்" என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்ன புண்ணியவான் மைனாவைப் பார்த்ததில்லை. மைனா என் மனைவி சுகந்தியின் குதிரை. செம்பழுப்பு நிறம். நெற்றியில், யாரோ அவசரத்தில் விபூதி பூசிவிட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று. கடிவாளத்தைக் காட்டினால் தானே வந்து வாயைத் திறக்கும். கொள்ளைக் காட்டினால்தான் யோசனை செய்யும்.

எனக்கு ஊர் திண்டுக்கல், நாகல் நகர். அங்கே எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன மெஸ் இருக்கிறது. சுகந்திக்கு ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மாமனாருக்குத் தக்காளியும் முருங்கையும் போட்ட தோட்டம். பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று என் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "குதிரை ஓட்டுவாளுங்க" என்றார் மாமியார். அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் அம்மா ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்துக்கொண்டாள். நான் அந்த நிமிஷமே சம்மதம் என்று முடிவு செய்துவிட்டேன். (எனக்கு ஸ்கூட்டரில் யூ டர்ன் அடிக்கவே ஒருவர் பின்னால் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.)

சுகந்தி கலந்துகொள்வது ரேஸ் அல்ல, நெடுந்தூர ஓட்டம். காட்டுப் பாதை, வண்டிப் பாதை, கண்மாய்க்கரை என்று குதிரையோடு நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். யார் முதலில் வருகிறார்கள் என்பது அவ்வளவு முக்கியம் இல்லை. குதிரை நல்லபடியாக வந்து சேர வேண்டும், அதுதான் பெருமை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கால்நடை டாக்டர் நிறுத்திப் பார்ப்பார். நெஞ்சுத் துடிப்பு இறங்கியிருக்கிறதா, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் சட்டென்று பழையபடி படிகிறதா, வயிற்றுக்குள் கடமுட சத்தம் கேட்கிறதா என்றெல்லாம் சோதனை. நமக்கு நாலு பேர் முன்னால் வயிறு சத்தம் போட்டால் அவமானம். குதிரைக்கு அதுதான் நற்சான்றிதழ். சத்தம் இல்லை, தீனியும் தின்னவில்லை என்றால் டாக்டர் அங்கேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

எங்களுக்குக் கல்யாணமான அந்த வருஷம், மைனா வீட்டுக்கு அனுப்பப்பட்டால் அதற்கு வீடே இல்லை என்ற நிலைமை. எங்கள் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, மைனாவுக்குப் பக்கத்திலேயே நின்று தின்றுகொண்டிருந்த ஒரு கிழட்டுக் குதிரை இறந்துபோயிற்று. பின்னாடியே சுகந்தியும் தாலி கட்டிக்கொண்டு நாகல் நகருக்கு வந்துவிட்டாள். துணையும் போய், தோழியும் போனதும் மைனா தீனியைக் குறைத்துக்கொண்டது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பழனியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் அதை விலைக்குக் கேட்டார்.

மாமனார் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அங்கே போனால் நாலு குதிரையோடு சேர்ந்து நிற்கும், இங்கே தனியாக நின்று இளைக்கிறதே என்பதுதான் அவர் கவலை. சுகந்தி எதிர்த்துப் பேசவில்லை. ஆடியில் நடக்கிற ஓட்டத்தில் ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுகிறேன் என்று மட்டும் கேட்டாள். "முழுசா முடிச்சிருச்சுன்னா இங்கியே இருக்கட்டும். நடுவுல நிறுத்திட்டாங்கன்னா அப்பறம் அழுகக் கூடாது சாமி" என்றார் அவர். இவள் சரி என்று சொல்லிவிட்டு, சமையல்கட்டுக்குள் போய் முன்கூட்டியே அழுது முடித்தாள்.

(ஆடியில் யாராவது ஓட்டம் வைப்பார்களா என்று கேட்பீர்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் சுற்று வட்டாரத்தில் உள்ள ஊர்வலக் குதிரைகள் எல்லாம் சும்மா நிற்கும். குதிரைக்காரர்களுக்கும் வேறு வேலை இருக்காது.)

ஆடி என்றால் புதுப்பெண் தாய் வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்றாம் தேதி எனக்குத் தேங்காய்ப்பால் பணியாரத்தோடு விருந்து வைத்து, வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, பெண்டாட்டியை அங்கேயே நிறுத்திக்கொண்டு என்னை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். தாலி கட்டி மூன்றே மாதம். மெஸ்ஸில் யாராவது "ஜோடி தோசை" என்றாலே நான் சில்லறையைத் தப்பாக எண்ணினேன். இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். மூன்றாம் நாள் விடிகாலையில் பைக்கை எடுத்தேன்.

வாசலில் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏலே, ஆடியில மாமியா வீட்டு வாசல மிதிச்சா ஊரு என்ன சொல்லும்?"

"வாசலுக்குப் போகலம்மா. தொழுவத்துக்குத்தான் போறேன். குதிரைக்குத் தீனி வைக்க ஆளு இல்லையாம்" என்றேன்.

தொழுவம் வீட்டுக்குப் பின்னால் இருந்ததால் அம்மா வழியை விட்டாள். அன்றிலிருந்து தினமும் விடிவதற்குள் போய்விடுவேன். சுகந்தி எனக்குத் தீனி வைக்கக் கற்றுக்கொடுத்தாள். நெடுந்தூரம் ஓடுகிற குதிரைக்கு ஒரே நேரத்தில் வயிறு முட்டப் போடக் கூடாது, வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, ஈரமாகக் கொடுக்க வேண்டும். கோதுமைத் தவிட்டில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஊறவைத்த கொள்ளு ஒரு கை, கல்லுப்பு, கொஞ்சம் வெல்லம். உப்பு சேர்ந்தால்தான் தண்ணீர் நன்றாகக் குடிக்கும். அப்புறம் பசும்புல், கடலைக்கொடி, குதிரை மசால். (மசால் என்றதும் நான் உருளைக்கிழங்கை எதிர்பார்த்தேன். அது ஒரு தழை.)

நான் மெஸ்காரன். இலையில் உட்கார்ந்தவனை "போதும் போதும்" என்று கையால் மறைக்கும்வரை விடாத பரம்பரை. எனக்கே தீனி போடக் கற்றுத் தருகிறாளே என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. ஆனால் நான் போன நாளிலிருந்து மைனா உண்மையாகவே தின்ன ஆரம்பித்தது. நான் வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் கல்லில் உட்காருவேன். விடியற்காலை வெறும் வயிற்றோடு கிளம்பி வந்தவன் ஆயிற்றே, மெஸ்ஸிலிருந்து கட்டி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பேன். அது முடிந்தால் ஆயக்குடிக் கொய்யா ஒன்றோ இரண்டோ. அது பாட்டுக்கு அது தின்னும், நான் பாட்டுக்கு நான் தின்பேன். சுகந்தி தொழுவத்துத் தூணில் சாய்ந்து நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைவிட நல்ல காலைச் சாப்பாட்டை நான் இன்றுவரை சாப்பிட்டதில்லை.

மைனாவின் விலா மூடியது. "மாப்ளைக்குக் கைராசிங்க" என்று மாமனார் ஊரெல்லாம் சொன்னார். நானும் அதை நம்பி, வாளியைத் தொடுவதற்கு முன் கைகளைப் பயபக்தியோடு கழுவத் தொடங்கினேன்.

ஓட்டம் நடக்கிற நாள் ஆடிக் கிருத்திகையாக வந்தது. இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பழனி முருகனை நினைத்து, "மைனா முழுசாக வந்து சேரும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டேன்" என்று வேண்டிக்கொண்டேன். கைராசியோடு தெய்வ அருளும் சேர்ந்தால் யாரால் தடுக்க முடியும்? சுகந்தியும் மாமனாரும் இருட்டோடு குதிரையை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதால், விரத விஷயம் அப்போது மாமியாருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாயில்லா ஜீவனுக்காக மாப்பிள்ளை பட்டினி கிடப்பதா என்று அவருக்கு என் மேல் ஒரு தனி மரியாதையே வந்துவிட்டது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

ஓட்டம் தொடங்கி முடிவது ஒரு தென்னந்தோப்பில். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் தோப்புக்கு வந்து ஓய்வு, தீனி, டாக்டர் சோதனை. தோப்பில் இறங்கியதுமே மாமியார் தான் கொண்டுவந்த புளிசாதம், கேரியர் எல்லாவற்றையும் தோப்பின் அந்தக் கோடியில் இருந்த மோட்டார் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். விரதம் இருப்பவர் எதிரே எவனும் எதையும் மெல்லக் கூடாது என்று, வந்திருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் உத்தரவு. பசியோடு அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் பக்தி இல்லை.

சுகந்தி முதல் சுற்று முடித்து வந்தபோது, நான் மைனாவுக்குத் தலைவாழை விருந்தே தயாராக வைத்திருந்தேன். ஒரு வாளியில் தவிடு, ஒன்றில் கொள்ளு, பசும்புல் ஒரு பக்கம், குதிரை மசால் ஒரு பக்கம், சந்தையில் பொறுக்கி எடுத்த கேரட், கொய்யா, தர்ப்பூசணிக் கீற்று. தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்குக் குறைவே இல்லை. மைனா தண்ணீரில் வாயை நனைத்தது. பிறகு ஒவ்வொரு வாளியாக மோந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தது. ஒன்றையும் தொடவில்லை.

கைராசியைக் கூட்டலாம் என்று கையால் ஊட்டப் போனேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். துடிப்பு சரியாக இருந்தது, தோலும் சரி. ஸ்டெதாஸ்கோப்பை மைனாவின் வயிற்றில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். பக்கத்தில் வாளியோடு நான். அந்த அமைதியில் ஒரு நீண்ட உறுமல் கேட்டது. சுகந்தியின் முகம் மலர்ந்தது.

டாக்டரம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அது உங்க வயிறு."

நான் தள்ளி நின்றேன். அப்புறம் சத்தமே இல்லை. இன்னும் ஒரு சுற்று பார்க்கிறேன், அடுத்த ஓய்விலும் இது தின்னாவிட்டால் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த குதிரைக்குப் போனார்.

சுகந்தி இரண்டாம் சுற்றுக்குப் போனாள். வழி முழுக்க மெதுவாகவே விட்டிருக்கிறாள். ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நான் பழனி இருக்கிற திசையைப் பார்த்து இன்னும் கடுமையாக வேண்டிக்கொண்டு, தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினேன். (வேண்டுதலின் அளவைக் கூட்டினேன். எங்கள் மெஸ்ஸில் சாம்பார் ருசிக்காவிட்டால் பெருங்காயத்தைக் கூட்டுவோம், அதே வழி.)

இரண்டாவது முறை வந்தபோது மைனா சோர்ந்திருந்தது. மாமனார் கொள்ளை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மாமியார் கன்னத்தைத் தடவி, பிள்ளைக்குச் சொல்வது போலக் கெஞ்சினார். மைனா அவர்களை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தது. என் சட்டைப் பையை மோந்தது. கையை மோந்தது. கடைசியில் என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து மோந்துவிட்டு, ஏமாந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைத் தொங்கப்போட்டது.

சுகந்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் புழுதியும் வேர்வையும் சேர்ந்து கோடு விழுந்திருந்தது. "விடுங்கப்பா. பழனிக்கே போகட்டும். அங்கியாவது நாலு குதிரையப் பார்த்துத் திங்கும்" என்றாள்.

மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து, சம்பந்தமே இல்லாமல் குதிரையின் கழுத்தைத் துடைத்தார். சுகந்தி தலையைத் தூக்கி என்னையே பார்த்தாள். தான் சொன்ன வார்த்தையே அவளுக்கு எதையோ ஞாபகப்படுத்தியது போலிருந்தது.

"ஏனுங்க, நீங்க காலையில என்ன சாப்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல. விரதம். மைனாவுக்காக."

அவள் எழுந்து நின்றாள். "தெனமும் நீங்க பக்கத்துல உக்காந்து தின்னாத்தான அது திங்கும். அது வாளிய பாக்காது. உங்க வாயத்தான் பாக்கும். அந்தக் கெளட்டுக் குதிர போனதுல இருந்து அதுக்குப் பந்தியில துணை நீங்கதானுங்க."

கைராசி அல்ல, வாய்ராசி என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அதன் துணை பட்டினி கிடக்கிறது. அதைச் சுற்றி நிற்கிற மொத்தக் குடும்பமும், என் புண்ணியத்தில், பட்டினி கிடக்கிறது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிற இடத்தில் எந்தப் புத்தியுள்ள குதிரை வாயைத் திறக்கும்?

விரதத்தை விடவும் மனசு வரவில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். மைனாவின் எதிரே உட்கார்ந்து, வாயில் ஒன்றும் இல்லாமலே மெல்லத் தொடங்கினேன். சப்புக்கொட்டினேன். "ஆகா" என்றேன். மைனா ஆவலோடு வந்து மோந்தது. வெறும் வாய். அது என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அந்தப் பக்கமாகப் போன வேறு ஊர்க் குதிரைக்காரர் ஒருவர், இவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா என்று மாமனாரிடம் மெதுவாக விசாரித்தார்.

டாக்டரம்மா வந்துகொண்டிருந்தார். கேரியர் தோப்பின் அந்தக் கோடியில் இருந்தது. கொய்யாவையாவது கடிக்கலாம் என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் கண்ணுக்கு எதிரே தெரிந்தது மைனாவின் வாளி ஒன்றுதான். பழனி திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேட்டியை மடித்துக் கட்டி, மண்டிபோட்டு, ஒரு கை தவிட்டை அள்ளி வாயில் போட்டேன்.

மரத்தூளை வெல்லத்தண்ணீரில் ஊறவைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. நடுநடுவே கொள்ளு பல்லில் சிக்கியது. உப்பு மட்டும் சரியாக இருந்தது. (இதைக் கவனித்ததற்காகச் சுகந்தி இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.) இரண்டாவது கை அள்ளும்போது என் காதோரம் சூடாக ஒரு மூச்சு பட்டது. ஒரு பெரிய தலை என் தலையை இடித்துக்கொண்டு வாளிக்குள் இறங்கியது. மைனா தின்றது. நான் நிறுத்தினால் அதுவும் நிமிர்ந்து பார்த்தது. நான் மென்றால் அதுவும் மென்றது. பசித்தவர்கள் இரண்டு பேர், ஒரு வாளி. அதன் மோவாயிலிருந்து ஒழுகிய தவிட்டுத் தண்ணீர் ஆடிச் சீராக வந்த என் புதுச் சட்டையில் வழிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குக் காரணம் தவிட்டின் ருசி என்றுதான் அப்போது எல்லோரிடமும் சொன்னேன். சந்தோஷத்தால் வந்தது அது.

அந்த நேரம் பார்த்து மைக்கில் அறிவிப்பு வந்தது. குதிரைகளுக்கு வைத்திருக்கும் தீவனத்தை ஆட்கள் யாரும் சாப்பிட வேண்டாம், அனைவருக்கும் சாப்பாடு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்று அன்போடு கேட்டுக்கொண்டார்கள். தோப்பு மொத்தமும் திரும்பியது. போட்டோக்காரரும் திரும்பினார்.

டாக்டரம்மா மைனாவின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நான் மரியாதையாகத் தள்ளியே நின்றேன். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "இப்ப வயித்துல நல்லா சத்தம் கேக்குது. போகலாம். சார், நீங்களும் தண்ணி நிறைய குடிங்க" என்றார்.

சுகந்தி கடைசிச் சுற்றுக்குப் போனதும்தான் எனக்கு முருகன் ஞாபகம் வந்தது. விரதத்தை முறித்துவிட்டேன். அதுவும் சோறாகப் பார்த்துச் சாப்பிட்டு முறிக்கவில்லை, தவிட்டைத் தின்று முறித்திருக்கிறேன். மாமியார் பக்கத்தில் வந்து முந்தானையால் என் மோவாயைத் துடைத்துவிட்டார். முருகன் கோபித்துக்கொள்வாரா அத்தை என்று கேட்டேன். "அவரும் மயிலு வெச்சிருக்கறவருதானுங்களே. அதோட பசி தெரிஞ்சவருக்கு இது தெரியாமப் போகுங்களா" என்றார். பிறகு கொட்டகையைப் பார்த்து, எல்லோரையும் சாப்பிட வரச் சொன்னார். அன்றைக்கு அந்தச் சொந்தக்காரர்கள் சாப்பிட்ட வேகம் குதிரை வேகம்.

வெயில் சாய்கிற நேரத்தில் மைனா வந்தது. கடைசிக் குதிரைகளில் ஒன்றாகத்தான் வந்தது. சுகந்தி இறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள். டாக்டரம்மா எல்லாம் பார்த்துச் சரி என்று தலையசைத்ததும், அவள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். முன்கூட்டியே அழுது முடித்ததெல்லாம் கணக்கில் வரவில்லை. மாமனார் கொஞ்சம் தள்ளிப் போய் பழனிக்காரருக்குப் போன் போட்டார். "குடுக்கற மாதிரி இல்லைங்க. அதுக்குத் துணைக்கு ஆளு கெடச்சிருச்சுங்க" என்றார். நான் கேட்காத மாதிரி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரிக்குள் அந்தப் போட்டோ ஒட்டன்சத்திரம் சந்தை முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றி, தக்காளி லாரி டிரைவர்கள் வழியாக நாகல் நகரை அடைந்துவிட்டது. அம்மா போன் செய்தாள். "ஏலே, ஆடி விருந்துன்னு கூப்பிட்டு உனக்கு அங்க இதையா போடுறாக?" என்றாள். நான் எவ்வளவு விளக்கியும் அவள் நம்பவில்லை. மறுநாள் மெஸ்ஸிலிருந்து பெரிய கேரியர் நிறையச் சாப்பாட்டோடு சம்பந்தி வீட்டில் போய் இறங்கி, என்னை எதிரே உட்காரவைத்துத் தின்னவைத்துவிட்டுத்தான் திரும்பினாள். தொழுவத்தில் உட்கார்ந்து தின்றேன். பக்கத்தில் மைனாவும் தின்றது. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா நம்பினாள். போகும்போது ஓர் இட்லியை மைனாவுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மைனாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. நெடுந்தூரம் எல்லாம் இல்லை. தோட்டத்தைச் சுற்றி எங்கள் மகளை ஏற்றிக்கொண்டு நடப்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பொட்டலத்தோடு நான் போனால், இன்றும் முதல் வாய் நான் வைக்கும்வரை காத்திருக்கிறது. மாமனார் வீட்டில் எந்த விசேஷப் பந்தியில் உட்கார்ந்தாலும், "மாப்ளைக்கு மொதல்ல ஒரு கை தவுடு வெச்சுட்டு அப்பறம் சோறு போடுங்க" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.

போன மாசம் மெஸ்ஸில் பரிமாறுகிறவர் விளையாட்டுக்கு, "உன்னயத் தவிட்டுக்குத்தான் வாங்குனாங்க" என்று எங்கள் மகளைச் சீண்டிவிட்டார். எல்லாக் குழந்தைகளையும் போல அவளும் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினாள். சுகந்தி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"உன்னைய இல்ல கண்ணு. உங்கப்பாவத்தான் நாங்க தவுட்டுக்கு வாங்குனோம்."

நான் கல்லாவில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். மறுக்கவில்லை. விலை கொஞ்சம் மலிவுதான். ஆனால் வாங்கியவர்கள் நல்லவர்கள்.